அரைகுறை ‘ஆமாம்’ இனி வேண்டாம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியீர்,

வணக்கம். நான் அரசு மருத்துவமனைகளில் முப்பத்தோரு ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா; யாரும் பேசாமலே குரல்கள் கேட்கிற நோய். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் போல உடலின் அழற்சியைத் தணிக்கும் மலிவு மருந்துகள் இந்நோய்க்கு உதவுமா என்று சரியாகச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே இம்மடல். இம்மடலில் எங்கே மருந்தாளுநர் பேசுகிறாள், எங்கே அக்கா பேசுகிறாள் என்று சில இடங்களில் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. தம்பியின் பெயரை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். “தம்பி என்று எழுது, போதும்” என்றான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அவன் குளியலறையிலிருந்து வெளியே வந்து, “அக்கா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது” என்றான். இரைப்பையில் ரத்தக் கசிவு. மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, சமையலறை அலமாரியில் சீரக டப்பாவுக்குப் பின்னால் அது அகப்பட்டது: 325 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதி காலியான அட்டைகள். உறவினர் ஒருவர் அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பிரின் மனச்சிதைவைக் குணமாக்குவதாக வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள், நாளுக்கு 1,000 மில்லிகிராம் போதும் என்று அதில் இருந்தது. அம்மா கணக்குப் பார்த்து, வேளைக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று கொடுத்திருக்கிறார். ஆறு வாரம். எனக்குத் தெரிந்தால் தடுத்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லவில்லை. மருந்தாளுநர் இருக்கும் வீட்டிலேயே இந்த நிலை.

அம்மாவைக் கடிந்துகொண்டேன். அன்றிரவு அந்தச் செய்தியின் மூலத்தைத் தேடிப் படித்தபோது சற்று வெட்கமாக இருந்தது. அம்மா நம்பியது முழுப் பொய் அல்ல. நெதர்லாந்தில் அப்படி ஒரு சோதனை நடந்தது உண்மை. 2010இல் அதன் முடிவு வெளியானது. 70 நோயாளிகள், மூன்று மாதம். ஏற்கெனவே உட்கொண்டுவந்த மனநோய் மருந்தோடு கூட, ஒரு பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் 1,000 மில்லிகிராம், மறுபாதிக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. ஆஸ்பிரின் பெற்றவர்களின் அறிகுறிகள் சற்று அதிகமாகத் தணிந்தன. நோய் எதிர்ப்புச் செயல்பாட்டில் மாறுதல் மிகுந்திருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அந்தச் சோதனையில் எல்லோருக்கும் இரைப்பையைக் காக்கும் மாத்திரையும் சேர்த்தே கொடுத்தார்கள். கைப்பேசிச் செய்தியில் அந்த ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததும் அதில் இல்லை. 200 பேர், 160 பேர் என்று பெரிதாக நடத்தப்பட்ட இரண்டு ஆஸ்பிரின் சோதனைகளின் முடிவு 2021இல் வந்தது. ஆஸ்பிரினுக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. இந்தச் செய்தியை எங்களுக்கு எந்த உறவினரும் அனுப்பவில்லை.

இது ஆஸ்பிரினின் கதை மட்டும் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். சிறிய சோதனை ‘ஆமாம்’ என்கிறது. பெரிய சோதனை ‘இல்லை’ என்கிறது. நடுவில் கிடப்பவர்கள் நாங்கள்.

அழற்சிக்கும் மனச்சிதைவுக்கும் என்ன தொடர்பு என்று பொதுமக்கள் கேட்பார்கள் என்பதால் அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு இது தெரிந்த பாடம். காயத்தையும் கிருமியையும் எதிர்த்து உடல் நடத்தும் போர்தான் அழற்சி. போர் முடிந்தும் படை கலையாமல் இருந்தால் சொந்த ஊருக்கே சேதம். டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், கடுமையான தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு 60 சதவீதமும், தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களிடம் 29 சதவீதமும் அதிகம் என்று தெரியவந்தது. இங்கிலாந்தில் ஒன்பது வயதுக் குழந்தைகளின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தை அளந்து, பதினெட்டு வயதில் அவர்களை மறுபடி பார்த்தார்கள். அந்தப் புரதம் மிகுந்திருந்தவர்களிடம் மனநோய் சார்ந்த அனுபவங்கள் கூடுதலாக இருந்தன. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சி4 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். அது நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தது. வளரும் பருவத்தில் மூளை தனக்கு வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழிக்கும்போது, எதைக் கழிப்பது என்று அடையாளம் இடும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. நான் காவிரிக் கரைக்காரி, எனக்கு இப்படித்தான் புரிந்தது: களை எடுக்க வந்தவர்கள் கை மிஞ்சிப்போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள்.

ஆனால் இவை எல்லாம் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிறுவவில்லை. மனச்சிதைவு உள்ளவர்கள் அதிகம் புகைபிடிக்கிறார்கள். நாங்கள் கொடுக்கும் மருந்தே அவர்களின் உடல் எடையை ஏற்றுகிறது. பல் ஈறு கெட்டுக் கிடக்கிறது. இவை ஒவ்வொன்றும் ரத்தத்தில் அழற்சியின் அளவைக் கூட்டும். தீயைப் பார்க்கிறோமா, வேறு அடுப்பிலிருந்து வரும் புகையைப் பார்க்கிறோமா என்பது ஒவ்வொரு நோயாளியிடமும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு செலிகாக்ஸிப் நல்ல சாட்சி. மூட்டுவலிக்கு நான் ஆயிரக்கணக்கான அட்டைகள் எடுத்துக் கொடுத்த மருந்து. ஜெர்மனியின் மியூனிக் நகரில் நோர்பர்ட் முல்லர் குழுவினர் 2002இல் ஐம்பது பேரிடம் ஐந்து வாரம் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்து, பலன் கண்டார்கள். மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறொரு குழு இதையே செய்தபோது பலன் எதுவும் இல்லை. அமெரிக்கச் சோதனையில் இருந்தவர்கள் நெடுங்கால நோயாளிகள். முல்லர் குழு 2010இல் மறுபடி, நோய் தொடங்கிய புதிதில் உள்ளவர்களிடம் மட்டும் சோதித்தது. மறுபடியும் பலன். அப்படியென்றால் விதைப்புக் காலம்தான் சூட்சுமமா? இருக்கலாம். ஆனால் மூன்று சோதனைகளையும் சேர்த்தாலும் எங்கள் பழைய மருத்துவமனையில் ஒரு காலை நேரப் புறநோயாளிக் கூட்டம் தேறாது. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் தற்செயலும் பலன்போலத் தெரியும்.

மினோசைக்ளின் கதை இதைவிடப் படிப்பினை உள்ளது. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அது. மூளைக்குள் புகுந்து மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்களை அடக்கும் என்று நம்பினார்கள். இஸ்ரேலிலும், பிரேசில் பாகிஸ்தான் இரண்டிலும் நடந்த ஆரம்பச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. பிறகு பிரிட்டன் பொதுப்பணத்தைச் செலவிட்டு 207 பேரை ஓராண்டு முழுக்கப் பின்தொடர்ந்தது. 2018இல் முடிவு: பலன் இல்லை. அந்த ஆய்வாளர்கள் நேர்மையாக இன்னொன்றும் எழுதினார்கள். சோதனைக்கு வந்தவர்களிடம் தொடர்ந்து நீடிக்கும் அழற்சி இருந்ததற்கான சான்றே தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றும், அத்தகைய அழற்சி இருப்பது தெளிவாகும்வரை இம்மருந்தை மேலும் சோதிப்பதற்கு நியாயமில்லை என்றும் சொன்னார்கள். அதைப் படித்ததும் நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமலே காய்ச்சல் மாத்திரை கொடுத்திருக்கிறோம், அதுவும் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ ஆண்டுகளாக.

யாரிடம் சோதிக்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தம்பி 2009 முதல் உட்கொள்ளும் குளோசபின் மாத்திரையே இதற்குச் சான்று. 1975இல் பின்லாந்தில் அதை உட்கொண்டவர்களில் சிலர் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து இறந்தார்கள். பல நாடுகள் அம்மருந்தை ஒதுக்கிவிட்டன. 1988இல் அமெரிக்காவில் அதை மறுபடி சோதித்தபோது, கண்ணில் பட்டவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு மூன்று மருந்தாவது கொடுத்துப் பார்த்தும் தேறாதவர்களை மட்டும் எடுத்தார்கள், 268 பேர். ஆறு வாரத்தில் பழைய மருந்தில் 4 சதவீதம் பேர் தேறினார்கள், குளோசபினில் 30 சதவீதம். எல்லா நோயாளிகளையும் கலந்து எடுத்திருந்தால் அந்த வேறுபாடு கரைந்து போயிருக்கும். என் தம்பிக்கு இன்று அந்தக் குரல்கள் அனேகமாகக் கேட்பதில்லை என்றால், யாரோ ஒருவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்ததுதான் காரணம்.

அதே குளோசபின்தான் அழற்சியைப் பற்றி எனக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியது. 2021இல் கொரோனா காய்ச்சல் வந்தபோது தம்பி இரண்டாம் நாளே தூங்கி வழிந்தான். எச்சில் தலையணையை நனைத்தது, நடந்தால் தள்ளாடினான். கொரோனாதான் மூளையைத் தாக்கிவிட்டது என்று அம்மா அழுதார். உண்மையில், கடும் அழற்சி வந்தால் குளோசபினைக் கழிக்கும் கல்லீரல் நொதி மந்தப்பட்டு, அதே மாத்திரை ரத்தத்தில் பன்மடங்காகச் சேரும். மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து அளவைக் குறைத்த பிறகு தெளிந்தான். அழற்சியும் மனநோய் மருந்தும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். லித்தியம் என்ற மனநல மருந்தை உட்கொள்பவருக்கு இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். இவையெல்லாம் தெரியாமல் வீடுகளில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது, சீரக டப்பாக்களுக்குப் பின்னால்.

இனி உங்களிடம் கேட்க வந்தது.

ஆஸ்பிரின், செலிகாக்ஸிப், மினோசைக்ளின் எல்லாம் காப்புரிமை தீர்ந்த மலிவு மருந்துகள். அவை மனச்சிதைவுக்குப் பயன்படுமா என்று கண்டறிந்து எந்த நிறுவனமும் லாபம் பார்க்கப்போவதில்லை. அதனால் பணம் போடப்போவதுமில்லை. இந்த வேலை பொதுப்பணத்தில் நடக்க வேண்டியது, இந்தியாவில் அது உங்கள் பொறுப்பு. மேல்நாட்டில் இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் போன்ற விலையுயர்ந்த ஊசிகளையும் முயன்று பார்க்கிறார்கள். 36 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில் பலன் தெரியவில்லை. அதைவிட முக்கியமாக, அவ்வகை ஊசி உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. காசநோய் இவ்வளவு பரவிய நாட்டில் அதை மூளைக்காக முயல்வதற்கு முன் நூறு முறை யோசியுங்கள் என்பது ஒரு பழைய மருந்தாளுநரின் வேண்டுகோள்.

செய்யக்கூடியதைச் செய்யுங்கள். நோய் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் இருப்பவர்களை எடுங்கள். அவர்களிலும் அழற்சி இருப்பதாகத் தெரிபவர்களைத் தனியே பிரியுங்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற ஒரே எண்ணை ஒரே முறை பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். நம் ஊரில் சளி பிடித்தாலும் ஏறும், சொத்தைப் பல்லிருந்தாலும் ஏறும். இரண்டு மூன்று முறை, சில வார இடைவெளியில், வேறு தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு பாருங்கள். அழற்சி இல்லாதவர்களுக்கும் அதே மருந்தை ஒப்பீட்டுக்காகக் கொடுங்கள். பலன் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், அதுவே எங்களுக்கு வேண்டிய விடை. ஆட்களைப் பற்றிக் கஞ்சத்தனம் வேண்டாம், மாதங்களைப் பற்றியும் வேண்டாம்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கவுன்சிலின் ஆதரவோடு 1980களில் சென்னை, வேலூர், லக்னோ ஆகிய ஊர்களில் மனச்சிதைவின் போக்கை ஆராய்ந்தீர்கள். அதன் கிளையாகச் சென்னையில் 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய, மனச்சிதைவுக்கான ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்கள் அதைச் சுமந்தார்கள். கணினி இல்லாத காலத்தில், வீடு மாறிப் போனவர்களைத் தேடிப் பிடித்துச் செய்த வேலை அது. மாண்ட்ரியலையும் சென்னையையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வில், முதன்முறை நோய் கண்டவர்களின் எதிர்மறை அறிகுறிகள் (ஊக்கமும் பேச்சும் உணர்ச்சியும் குன்றிப்போவது) இரண்டு ஆண்டுகளில் சென்னையில் கூடுதலாகத் தேறியிருந்தன. இங்கே நோயாளியோடு அம்மாவோ அண்ணனோ வந்து உட்காருகிறார்கள். சோதனையிலிருந்து பாதியில் நழுவிப் போகிறவர்களைத் தடுக்க இதைவிட வேறு பலம் எந்த நாட்டில் கிடைக்கும்?

எதை அளப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண், மொத்தம் 30இலிருந்து 210 வரை. மனச்சிதைவின் அறிகுறிகளை அளக்க உலகம் முழுக்கப் பெரும்பாலும் இந்த அளவுகோல்தான். நெதர்லாந்து ஆஸ்பிரின் சோதனையில் கிடைத்த வேறுபாடு அதில் ஏறத்தாழ ஐந்து புள்ளி. அந்த ஐந்து புள்ளி எங்கள் வீட்டில் எப்படியிருக்கும் என்று யாரிடம் கேட்பது? என் தம்பி காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் பத்து மணிக்கும் அங்கேயே இருப்பான். துக்கம் இல்லை, கோபம் இல்லை, எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. குரல்களை அடக்கும் மருந்து இதைத் தொடவே இல்லை. நாளை ஒரு மாத்திரை வந்து, அவன் தானாக எழுந்து தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு டீ குடித்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வந்தால் அது எத்தனை புள்ளி? அதையும் அளக்கும் படிவம் ஒன்றை, நோயாளிகளையும் வீட்டாரையும் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். மருந்துக்கு முன்பும் பின்பும் எடை, இடுப்புச் சுற்றளவு, மலத்தின் நிறம் என்று நாங்கள் அஞ்சுவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, ஆய்வுக்கு மனநோய் உள்ளவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தை, மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியதுபோன்ற தமிழில், நான் பார்த்திருக்கிறேன். மருந்தாளுநருக்கே தலை சுற்றியது. இரண்டு பக்கம் போதும், பேசுகிற மனிதர் எழுதிய தமிழில். ‘இம்மருந்து உங்களுக்கு உதவாமல் போகலாம்’ என்ற வரி முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சோதனை தோற்றால் அதையும் அதே சத்தத்தோடு அறிவியுங்கள். உங்கள் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். தொடக்கத்தைப் பதிவதுபோல முடிவையும் அங்கேயே, எல்லோரும் படிக்கும் நான்கு வரிகளில், வட்டார மொழிகளிலும் போடுங்கள். ‘இல்லை’ என்ற விடை எங்களை உடைத்துவிடும் என்று தயங்க வேண்டாம். தம்பிக்கு நோய் வந்த இந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் எத்தனையோ இல்லைகளைப் பார்த்தாகிவிட்டது. உறுதியான ‘இல்லை’ கிடைத்திருந்தால் அம்மா அந்த அட்டையை வாங்கியிருக்க மாட்டார். எங்களை ஆட்டிவைப்பது இந்த அரைகுறை ‘ஆமாம்’தான்.

ஓர் இடைச்செருகல், மன்னிக்கவும். ‘மனச்சிதைவு’ என்ற சொல்லையும் ஒரு நாள் யாராவது மாற்றினால் நன்றாக இருக்கும். ஜப்பான் 2002இல் தன் மொழியில் இந்நோய்க்கு இருந்த பழைய பெயரை மாற்றிவிட்டது. சிதைந்துபோனது என்று எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவனின் அக்கா என்பதால் சொல்கிறேன்.

ஒரு வேளை உங்கள் சோதனை தொடங்கினாலும் என் தம்பிக்கு அதில் இடமில்லை. அவனுக்கு நோய் வந்து காலம் கடந்துவிட்டது, இரைப்பையும் ஒரு முறை கசிந்துவிட்டது. நான் எழுதிய விதிகளின்படியே அவனை நீங்கள் வெளியில் நிறுத்த வேண்டும். இதை அவனிடம் சொன்னேன். “அப்படியென்றால் வேறு யாருக்காக எழுதுகிறாய்?” என்று கேட்டான். நீண்ட நாளைக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட கேள்வி அது. பதில் சொல்வதற்குள் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

பதில் எழுதுவதாக இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது, கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தானே படிக்க வேண்டும் என்பார். ஆஸ்பிரினைப் பற்றி நான் சொன்னதை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருத்தி,
கும்பகோணம்